கூட வந்தவர்

இளம்பரிதிக்கு வயது ஐம்பத்தொன்று. பெயர் வைத்த அப்பா தமிழாசிரியர். பிள்ளை கடைசிவரை இளம் சூரியனாகவே இருந்துவிடுவான் என்று நம்பிவிட்டார். இப்போது தலையில் முடி முழுக்கப் போய்விட்டதால், மொட்டை வெயிலில் நின்றால் மட்டும் பெயருக்குக் கொஞ்சம் நியாயம் செய்ய முடிகிறது. இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். யாரும் சிரிக்காவிட்டால், "பரவாயில்ல, வீட்டுக்குப் போய் சாவகாசமா சிரிங்க" என்பார்.

திருச்சி தில்லை நகரில் 'தெளிவு' என்ற மனநல மையத்தில் முன்மேசை வேலை அவருக்கு. வருகிறவர்களைக் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பஸ்ஸை ஓட்ட ஆள் வேண்டாம், வயலில் மருந்தடிக்க ஆள் வேண்டாம் என்று ஆகிவிட்ட காலத்தில் படிவம் நிரப்ப மட்டும் ஏன் ஒரு மனிதர் என்று யாராவது கேட்டால், அதற்கும் ஒரு சரித்திரம் இருந்தது.

முதலில் அந்த இடத்தில் ஒரு திரைதான் இருந்தது. தேன் போன்ற குரலில் கேள்வி கேட்கும். ஆனால் நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாக வருவதில்லை. பல் பிடுங்கக்கூட இரண்டு பேர் வேண்டும்: வலிக்க ஒருவர், அதைச் சொல்ல ஒருவர். திரை கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கூட வந்தவரே பதில் சொன்னார். "நோயாளி மட்டும் பேசவும்" என்று திரை கண்டித்தது. "அவரு பேசுற நிலைமையில இருந்தா இங்க ஏன் வர்றோம்?" என்று கூட வந்தவர்கள் திருப்பிக் கண்டித்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிய பிறகு, நிர்வாகம் திரையை எடுத்துவிட்டு இளம்பரிதியை உட்கார வைத்தது.

படிவத்தில் பதினாறு கேள்விகள். முதல் பதினைந்தும் பெயர், வயது, ரத்த வகை, சர்க்கரை உண்டா இல்லையா என்ற ரகம். பதினாறாவதுதான் உயிர்நாடி. 'இந்தச் சிகிச்சையிலிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன? ஒரே வரியில் கூறவும்.'

"தம்பிக்கு என்னம்மா பிரச்சனை?" என்று கூட வந்த அம்மாவிடம் இளம்பரிதி கேட்பார்.

"ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்கிறான் சார். யார்கிட்டயும் பேச்சு இல்ல."

"அவரு என்ன எதிர்பார்க்கிறாரு?"

"அவனுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன், எழுதிக்குங்க. வீட்டுக்கு நாலு பேரு வந்தா வாங்கன்னு கேக்கணும். மாமா வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டா மூஞ்சியைத் தூக்காம வரணும்."

தம்பிக்கு முப்பத்தாறு வயதிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இளம்பரிதி தமிழாசிரியரின் மகன் அல்லவா? கைவிரல்களைச் சொடுக்கிவிட்டு எழுதுவார்: 'உற்றார் உறவினரோடு மகிழ்ந்து பழக விரும்புகிறேன்.' தம்பி கையெழுத்துப் போடுவார். போடச் சொன்னால் யார்தான் போடமாட்டார்கள்?

இளம்பரிதி வருவதற்கு முன் பாதிப் படிவங்களில் 'நல்லா ஆகணும்' என்றுதான் இருந்ததாம். அதை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சிகிச்சை இயந்திரத்தால் எதுவும் செய்ய முடியவில்லை. இவர் வந்த பிறகு வெற்றி விகிதம் கிடுகிடுவென்று ஏறியது. நிர்வாகம் ஆண்டு விழாவில் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தது. அது தினமும் நாலு நிமிடம் பின்தங்கும். "என்னை மாதிரியே" என்பார்.

இயந்திரத்தின் பெயர் திசைகாட்டி. வேலைக்குச் சேர்ந்த அன்று, தலைமை மருத்துவர் நஸீமா அதை அவருக்கு விளக்கினார்.

"உள்ள நாங்க வழக்கம்போல உக்காந்து பேசுவோம். நோயாளியோட காதுக்குப் பின்னாடி இந்த வில்லையை ஒட்டிடுவோம். அவங்க மனசு எந்தப் பக்கம் திரும்புதுன்னு இது பார்த்துக்கிட்டே இருக்கும். பதினாறாம் கேள்வியில எழுதியிருக்கிற பக்கம் திரும்பினா, உள்ளுக்குள்ள முதுகுல லேசா தட்டிக் குடுக்கும். அவ்வளவுதான்."

"வேற பக்கம் திரும்பினா?"

"ஒண்ணும் பண்ணாது. சும்மா இருக்கும்."

"எங்க கணக்கு வாத்தியார் வேற பக்கம் திரும்பினாத்தான் முதுகுல குடுப்பாரு டாக்டர்."

டாக்டர் நஸீமா சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் பேசிப் பேசி நடக்கறது பன்னெண்டு வாரத்துல நடக்குது. அதனால அந்த வரியை மட்டும் ஒழுங்கா எழுதுங்க" என்றார்.

அவரும் ஒழுங்காகத்தான் எழுதினார். நாலாயிரத்துச் சொச்சம் படிவங்கள். அதில் ஒன்று அவருடைய மனைவி சுகன்யாவினுடையது.

சுகன்யா பொன்மலை ரயில்வே பணிமனையில் உதிரிபாகப் பிரிவில் வேலை பார்ப்பவள். கல்யாணமான இருபத்து நாலு வருடங்களில் கணவரின் ஜோக்குக்கு அவள் சிரித்தது மொத்தம் நாலே தடவை. அதில் ஒன்று, கோயில் குளத்துப் படியில் அவர் வழுக்கி விழுந்தபோது. அது ஜோக்கில் சேராது. இருந்தாலும் அவர் சேர்த்துக்கொண்டார். மற்றபடி அவர் எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரே தீர்ப்புதான். உள்ளங்கையால் நெற்றியில் ஒரு தட்டு, கூடவே, "கர்மம்!"

அவளுடைய அக்கா பிரேமா தூத்துக்குடியில் இருந்தாள். தினமும் மாலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வரும். சுகன்யா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் இளம்பரிதி பக்கத்து அறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையிலேயே படித்து முடித்த தாள்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, பிரேமா குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

அதற்குப் பிறகும் ஆறு மணிக்குச் சுகன்யா போனை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஏழு மணிக்கு எடுத்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பாள். அழவில்லை; பேசவும் இல்லை. இளம்பரிதி தன் கைவசம் இருந்த சரக்கையெல்லாம் இறக்கிப் பார்த்தார். 'கர்மம்' கூட வரவில்லை. அப்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது.

ஊழியர் குடும்பத்துக்கு மையத்தில் சலுகை உண்டு. கூட்டிக்கொண்டு வந்தார். பதினாறாம் கேள்வி வந்தது.

"நீ என்ன எதிர்பார்க்கிறே சுகி?"

"உங்க இஷ்டம்."

அவர் பாதி விளையாட்டாகத் தட்டினார்: 'என் கணவரின் நகைச்சுவையை ரசித்து வாய்விட்டுச் சிரிக்க விரும்புகிறேன்.' அவளிடம் காட்டினால் ஒருவேளை நெற்றியில் தட்டிக்கொள்வாள் என்று ஒரு நப்பாசை. அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கையெழுத்துப் போட்டாள். அழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் நினைத்தார். பின்னால் வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள்.

மூன்றாவது வாரத்தில் சுகன்யா புன்னகைத்தாள். ஆறாவது வாரத்தில் சிரித்தாள். பன்னிரண்டாவது வாரத்தில், அவர் தாடியைச் சொறிந்துகொண்டே "சாம்பார்ல உப்பு லீவுல போயிருக்கா?" என்று கேட்டதற்கு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு மணிக்குப் போனை எடுப்பதும் நின்றுபோயிற்று. இளம்பரிதிக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வருட உழைப்பு ஒருவழியாகப் பலித்துவிட்டது, தன் கலை கனிந்துவிட்டது என்றே நம்பினார். ஆண்பிள்ளைக்கு இந்த மாதிரி விஷயத்தில் ஆதாரம் அதிகம் தேவைப்படுவதில்லை.

பிரேமாவின் முதல் வருடத் திதிக்குத் தூத்துக்குடி போனார்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு எல்லோரும் காக்கைக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. பிரேமாவின் கணவர் ராஜதுரை வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இளம்பரிதியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

"அக்கா என்னைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டிருக்காங்க? சீரியல் முடியட்டும், வருவாங்க."

சுகன்யா சிரித்தாள். சும்மா இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஈரத் தலையோடு நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜதுரை படியிறங்கிப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இளம்பரிதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: நன்றாகத்தானே இருக்கிறாள், குணமாவது என்றால் இதுதான். விராலிமலை வருவதற்குள் ஏழெட்டுத் தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். இளம்பரிதி பழக்கதோஷத்தில் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட வந்தவங்க வண்டியை நிறுத்துறாங்களா?"

"யாரும் வரல சார். நான் மட்டும்தான்."

இளம்பரிதி பேனாவைக் கீழே வைத்தார். ஏழு வருட சர்வீஸில் இது முதல் முறை.

"என் பேரு யாழினி. லால்குடி பக்கத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சர். போன வருஷம் இங்கதான் பார்த்துக்கிட்டேன். அந்த ஃபாரத்துல நான் என்ன கேட்டிருந்தேன்னு தெரியணும்."

"ஏம்மா, எதாவது குறையா?"

"குறையே இல்ல சார். அதான் பிரச்சனை." அவர் நிதானமாக, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "எங்க ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்க பாத்ரூமை ஹெட்மாஸ்டர் பூட்டியே வச்சிருப்பாரு. அழுக்காக்கிடுவாங்களாம். சாவி அவரு மேசையில இருக்கும். நான் தினம் போய்ச் சண்டை போட்டு வாங்கிட்டு வருவேன். மெமோ மேல மெமோ. தூக்கம் போச்சு. என் தம்பிதான் இங்க கூட்டிட்டு வந்தான். இப்ப நல்லாத் தூங்கறேன். போன வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்புப் புள்ள ஒண்ணு வந்து, 'மிஸ், சாவி வாங்கித் தாங்க மிஸ்'னு கேட்டுச்சு. நான், 'கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, சாயங்காலம் வீட்டுக்குத்தானே போறே'ன்னேன்."

"ம்."

"அது என்னைப் பார்த்துச்சு சார். எனக்கு அப்பக் கோபம் வரணும்ல? கோபம் வர்ற இடத்துல ஏப்பம் மாதிரி என்னமோ ஒண்ணு வந்துட்டுப் போயிடுச்சு."

இளம்பரிதி படிவத்தைத் தேடி எடுத்தார். 'எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மன அமைதியைப் பெற விரும்புகிறேன்.'

யாழினி இரண்டு முறை படித்தார். "இது நான் பேசற தமிழ் இல்லையே."

"என் தமிழ்மா" என்றார் இளம்பரிதி. அந்த 'மன அமைதி'க்காக அன்றைக்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்தது. "சொன்னது உங்க தம்பி. 'அக்கா எல்லாத்தையும் பெரிசா எடுத்துக்குது சார், எடுத்துக்கக் கூடாது'ன்னாரு."

"அவனைத் தப்பா நினைக்காதீங்க. நான் தூங்கலைன்னு அவனும் தூங்காம இருந்தான். ரெண்டு பேர்ல ஒருத்தராவது தூங்கட்டும்னு கேட்டிருப்பான்." சற்று யோசித்தார். "நான் கேட்டிருந்தா, அந்த ஆளை ஜெயிக்கிற வரைக்கும் எனக்குத் தெம்பு வேணும்னு கேட்டிருப்பேன் சார். தூக்கத்தைப் பத்தி எனக்குத் தோணியே இருக்காது."

அவரை டாக்டரின் அறைக்கு அனுப்பிவிட்டு, இளம்பரிதி பழைய படிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். 'பெற்றோர் சொல்லும் இடத்தில் மணமுடிக்கும் மனப்பக்குவம்.' 'மாமியாருடன் இணக்கம்.' 'கவிதை போன்றவற்றில் நேரத்தைச் செலவிடாத மன உறுதி.' எல்லாம் நல்ல தமிழ். எதிலும் கையெழுத்துப் போட்டவரின் குரல் இல்லை. கடைசியாக, திறக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, சுகன்யாவுடையதைத் திறந்தார்.

மதியம் டாக்டர் நஸீமாவின் அறையில் போய் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியாதா டாக்டர்?"

"தெரியும்னும் சொல்லலாம், தெரியாதுன்னும் சொல்லலாம். முதல் நாள் நான் கேப்பேன், 'இதுதானே நீங்க எழுதினது?' அவங்க கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துட்டுத் தலையாட்டுவாங்க. அந்தக் கதவுக்கு அந்தாண்ட யாரு உக்காந்திருக்காங்கன்னு நான் எட்டிப் பார்த்ததே இல்ல." பெருமூச்சு விட்டார். "மெஷின் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியால பெரிய ஆபத்தில்ல சார். முதல் நாள் வந்து, என் மாமியார் மாறணும்பாங்க, என் மேனேஜர் மாறணும்பாங்க. பத்துல ஏழு பேரு, வேற யாராவது மாறணும்னுதான் வருவாங்க. ஆறு மாசம் பேசின பிறகு கேட்டா, 'அதையா கேட்டேன்?'னு அவங்களே சிரிப்பாங்க. நாங்க பாதி நேரம் சரி பண்ணினது நோயை இல்ல. கேட்டு வந்த கேள்வியைத்தான். இந்த மெஷின் முதல் நாள் கேட்டதை அப்படியே பிடிச்சுக்கிட்டுக் கொடுத்துடுது. கேட்டது யாருன்னும் பார்க்கறதில்ல."

"எல்லாத்தையும் திருப்பிடலாமா?"

"எல்லாத்தையுமா? குடிக்கிற ஒருத்தரை அவரு பொண்டாட்டி கூட்டிட்டு வந்தாங்க. அவரு விட்டுட்டாரு. அதைத் திருப்பணுமா? ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுத் தனியா கேக்கணும். நாலாயிரம் பேரு. நிர்வாகம் நம்ம ரெண்டு பேரையும் முதல்ல அனுப்பும், அது வேற விஷயம். யாழினி திருப்பணும்னு கேட்டுட்டாங்க. நாளைக்கே ஆரம்பிக்கறேன்."

"சுகன்யா?"

"பத்து நாள் மறுபடி வில்லையை ஒட்டி, தட்டிக் குடுத்ததையெல்லாம் அழிக்கலாம். ஆனா துக்கம் எங்கயும் போகல சார். விட்ட இடத்துலயே உக்காந்திருக்கும். பதினாலு மாசத்து வட்டியோட எழுந்து வரும். அவங்களே சம்மதிக்கணும், தனியா. அதுக்கு முன்னாடி, நீங்க என்ன எழுதினீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"யாரு சொல்றது?"

டாக்டர் பேனா நுனியை அவர் பக்கம் நீட்டினார்.

"நான் சொன்னா அவ சிரிப்பா டாக்டர்" என்றார் இளம்பரிதி. சொன்ன பிறகுதான் இருவருக்கும் அது ஜோக் இல்லை என்று உறைத்தது.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்ற யோசனையும் நான்கு நாள் கூடவே இருந்தது. என்ன குறைந்துபோயிற்று? காலையில் பல் தேய்க்கும்போதிலிருந்து வீட்டில் சிரிப்பு. ஊரில் எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்? அழாத ஒருத்தியை உட்கார வைத்து அழ வைப்பதற்குப் பெயர் வைத்தியமா? யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை அவள் சிரிக்கும்போதும் அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை அவரைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் துவைத்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் இரண்டு முனை, அவள் இரண்டு முனை.

"சுகி, உன் படிவத்துல பதினாறாம் கேள்விக்கு நான்தான் எழுதினேன்."

அவள் உதட்டில் அப்போதே சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது. "என்ன எழுதினீங்க?"

"என் ஜோக்குக்கெல்லாம் நீ சிரிக்கணும்னு."

அவ்வளவுதான். போர்வை முனை அவள் கையிலிருந்து நழுவியது. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"நான் சீரியஸாச் சொல்றேன் சுகி."

"ஐயோ, போதுங்க. வயிறு வலிக்குது."

"மெஷின்தான் உன்னைச் சிரிக்க வைக்குது. நான் இல்ல. எனக்கு அந்த அளவுக்குத் திறமை இல்ல."

சிரிப்பு இன்னும் பலமாயிற்று. இளம்பரிதி விழுந்து கிடந்த முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டுக் கடன் வாங்கியதை அவர் அவளிடம் சொன்னது விளையாட்டாகத்தான். தன் நெஞ்சில் குழாய் வைக்க வேண்டும் என்று சொன்னதும் அப்படித்தான். அப்பா செத்த செய்தியைக்கூட, 'வாத்தியார் நிரந்தரமா லீவு போட்டுட்டாரு' என்றுதான் சொன்னார். இடது புருவத்தைத் தூக்காமல் அவர் எதையும் சொன்னதே கிடையாது. மெய்யை எந்தக் குரலில் சொல்வார் என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியவில்லை. பரண்மேல் என்றைக்கோ போட்ட சாமானைத் துழாவுவதுபோல அந்தக் குரலைத் துழாவினார்.

"ஆறு மணிக்கு அக்கா போன் பண்ணுவாங்கள்ல?"

அவள் சிரித்தபடியே தலையாட்டினாள்.

"நான் பக்கத்து ரூம்ல பேப்பரை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நான் படிக்க மாட்டேன். 'கர்மம், இன்னைக்கு இவரு என்ன சொன்னாரு தெரியுமாக்கா'ன்னு நீ ஆரம்பிப்பே. நான் காலையில சொன்னதை அவங்ககிட்டச் சொல்லுவே. என்னைவிட நல்லாச் சொல்லுவே. அவங்க சிரிப்பாங்க. ஸ்பீக்கர்ல கேக்கும்." கையிலிருந்த போர்வை முனையைச் சுருட்டினார். "அதைக் கேக்கத்தான் நான் தினம் யோசிச்சு யோசிச்சு எதையாவது சொல்லுவேன் சுகி. இருபத்து நாலு வருஷமா என் ஜோக்குக்குச் சிரிச்சது அக்கா ஒருத்தங்கதான். அவங்க போயிட்டாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. எனக்கு வேண்டியதை உன் பேர்ல எழுதிட்டேன். நீ சரின்னு சொன்னா, மெஷின் பண்ணினதை அழிச்சிடலாம்னு டாக்டர் சொல்றாங்க."

சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. எங்கே போவது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு மாடியில... நான் சிரிச்சேன்ல?"

"சிரிச்சே."

"எனக்கு நிஜமாவே சிரிப்பா இருந்துச்சுங்க. அதான் இப்பப் பயமா இருக்கு." விரலால் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அழிச்சா அழுவேனா?"

"அழுவே."

"எவ்வளவு நாளு?"

"தெரியல."

அவள் எழுந்தாள். கீழே கிடந்த முனையை எடுத்து உதறினாள். "அந்தப் பக்கம் சரியாப் பிடிங்க" என்றாள்.

புதன்கிழமை அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். உள்ளே அவள் மட்டும் போனாள். இளம்பரிதி முதல் முறையாகக் கூட வந்தவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்தார். கால் ஒன்று ஆடியது. ஏழு வருடமாக யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர், "யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று விசாரித்தார். வாய்வரை ஒரு பதில் வந்தது. விழுங்கிவிட்டு, "வீட்ல" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் வந்தாள்.

"என்ன எழுதினே?"

"உங்களுக்கு எதுக்கு?" என்றாள். நடந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஆறு மணிக்கு அவள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு ஐந்துக்கு அழுகை வந்தது. அழுகை என்று சொன்னால் போதாது. இருபத்து நாலு வருடத்தில் அவர் கேட்டிராத ஒரு குரல் அது. அவர் செய்தித்தாளை எடுக்கவில்லை. பக்கத்து அறைக்கும் போகவில்லை. அவள் பக்கத்தில், தரையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜோக்குகள் வழக்கம்போல வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினார். இதைவிடக் கஷ்டமான வேலையை அவர் செய்ததில்லை. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

நடுவில் ஒரு நாள் யாழினி போன் செய்தார். "சார், கோபம் வந்துடுச்சு சார்!" பரீட்சையில் பாஸான குரல். "மேசை டிராயரை இழுத்துச் சாவியை எடுத்துட்டேன். சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

"ஐயையோ. தூக்கம்?"

"சுத்தமா வரல" என்றார் யாழினி. "தம்பி பாவம், மறுபடியும் உக்காந்திருக்கான்."

பன்னிரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்குச் சுகன்யா மூக்கைச் சிந்தித் துண்டால் துடைத்துக்கொண்டாள். கண் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. திரும்பி அவரைப் பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"இடது புருவம் தூக்குது. வாய்க்குள்ள எதையோ வச்சிருக்கீங்க. சொல்லித் தொலைங்க."

"வேணாம் சுகி."

"சொல்லுங்கன்னா."

"இல்ல... காவேரியில சொட்டுத் தண்ணி இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கான். நம்ம வீட்டுக்கு வந்து விசாரிச்சிருக்கலாம்."

சுகன்யா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கையால் நெற்றியில் பட்டென்று தட்டிக்கொண்டாள்.

"கர்மம்!"

இளம்பரிதி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று வெகுநேரம் பரிசோதித்தார்.

அந்த மாதக் கடைசியில் அவரை முன்மேசையிலிருந்து மாற்றி மருந்துக் கிடங்குக்கு அனுப்பினார்கள். இதற்குள் அவர் கூட வந்தவர்களைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு, நோயாளிகளை மட்டும் கேட்டு எழுத ஆரம்பித்திருந்தார்; அதில் நிர்வாகத்துக்கு வருத்தம். டாக்டர் நஸீமா மட்டும் பழைய படிவங்களை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். முந்நூற்றுச் சொச்சம் ஆகியிருந்தது. பாதிப் பேர் திருப்ப வேண்டாம் என்று சொன்னார்களாம். "தனியா இருக்கும்போதுதான் சொன்னாங்க. அதனால நம்பறேன்" என்றார். பிறகு, போகிற போக்கில், "வியாழக்கிழமை நாலு மணி காலியா இருக்கு சார். மெஷின் இல்லாம, பழைய மாதிரி. சும்மா பேசலாம்" என்றார்.

"யாருக்கு டாக்டர்?"

டாக்டர் நஸீமா அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார்.

வியாழக்கிழமை இளம்பரிதி அரை நாள் விடுப்புப் போட்டார். சுகன்யாவும் போட்டாள். கூட ஆள் இல்லாமல் எப்படி வருவது? முன்மேசையில் இப்போது ஜெரால்டு என்று ஒருவர். அதே மேசை, பின்னால் சுவரில் நாலு நிமிடம் பின்தங்கும் அதே கடிகாரம். ஜெரால்டு படிவத்தைத் திறந்தார். இளம்பரிதியைத் தாண்டிச் சுகன்யாவைப் பார்த்தார்.

"சாருக்கு என்னம்மா பிரச்சனை?"

சுகன்யா வாயைத் திறந்தாள். இருபத்து நாலு வருடத்துப் பதில்கள் அங்கே முட்டிமோதிக்கொண்டு நிற்பதை இளம்பரிதியால் பார்க்க முடிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பக்கத்துலதானே நிக்கிறாரு. அவரையே கேளுங்க."

சொல்லிவிட்டுப் போய், கால் ஆடும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டாள்.

அது காலையிலேயே அவள் படித்து முடித்த தாள்.